கப்பல்களைத் தொலைத்தவன்

(மாத்தளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹோமரின் ஒடிசியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "வீரமும் குறையும்" என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. மாத்தளைக்கும் கிரேக்கக் கடலுக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். இந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்து ஏ-9 வீதியில் வடக்கே திரும்புங்கள். முதலில் அலுவிகாரை வரும். பிறகு நாலந்தா, நாவுல, தம்புள்ளை. மாத்தளை மாவட்டத்துக்குள் வரும் அந்தத் துண்டு வீதியிலேயே இரண்டு ஒடிசிகள் கிடக்கின்றன. ஒன்றில் வருபவன் அரசன். மற்றதில் வருபவர்கள் நமது பாட்டன்மார். முதலில் கிரேக்கனைப் பார்த்துவிட்டு அவர்களிடம் வருகிறேன்.

ஒடிசியஸ், இத்தாக்கா என்ற சிறு தீவின் அரசன். துரோய் நகரத்துப் போருக்கு 12 கப்பல்களில் ஊர் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போனான். போர் 10 வருடம் நடந்தது, வீடு திரும்ப இன்னும் 10 வருடம் பிடித்தது. வந்து சேர்ந்தபோது கப்பல் ஒன்றும் இல்லை, கூடப் போனவர்களில் ஒருவனும் இல்லை. அந்நியர் கப்பலில், தூக்கத்தில், தனியாளாகக் கரையில் இறக்கிவிடப்பட்டான். நாம் இதை வெற்றிக் கதையாகப் படிக்கிறோம். மனைவி பெனலப்பி காத்திருந்தாள், மகன் வளர்ந்துவிட்டான், அவளை மணக்கக் கேட்டு வந்து வீட்டைச் சூறையாடிய 108 மாப்பிள்ளைமாரைக் கொன்று அரசைப் பிடித்தான் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அந்த 12 கப்பல் ஆட்களின் ஊரில் மறுநாள் என்ன பேசினார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லாது. ஹோமர் சொல்கிறார். அதற்குப் பிறகு வருவேன்.

ஒடிசியஸின் குறைகள் இரகசியமல்ல. ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமஸின் குகையிலிருந்து தந்திரமாகத் தப்பினான். அது அவன் அறிவு. கப்பல் ஏறியதும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆட்கள் கெஞ்சக் கெஞ்சக் கேளாமல், "உன்னைக் குருடாக்கியவன் நான்தான்" என்று பெயர், ஊர், தகப்பன் பெயரோடு கூவினான். அரக்கன் தன் தகப்பனான கடல் தெய்வம் பொசைடனிடம் அந்தப் பெயரைச் சொல்லியே சாபம் கேட்டான். பத்து வருட அலைச்சலுக்கு விதை அந்த ஒரு கூவல். அடுத்தது காற்றுப் பை. இயோலஸ் என்பவன் புயல்களையெல்லாம் ஒரு தோற்பையில் கட்டிக் கொடுத்தான். பைக்குள் என்ன என்று ஒடிசியஸ் ஆட்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சுக்கானையும் யாரிடமும் கொடுக்காமல் ஒன்பது நாள் கண்விழித்துத் தானே பிடித்திருந்தான். பத்தாம் நாள் இத்தாக்காவில் மக்கள் மூட்டிய தீ கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது தூங்கிப்போனான். தலைவன் தங்கத்தை மறைக்கிறான் என்று எண்ணிய ஆட்கள் பையை அவிழ்த்தார்கள். கப்பல்கள் வந்த வழியே அடித்துச் செல்லப்பட்டன. ஆட்களின் பேராசையா, தலைவனின் அவநம்பிக்கையா? என்னைக் கேட்டால் அவநம்பிக்கைதான் முதல் குற்றவாளி. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டில் இருந்திருப்பார்கள்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. காவியத்தின் தொடக்கத்திலேயே ஹோமர் ஒரு தீர்ப்பு எழுதுகிறார்: தோழர்களைக் காப்பாற்ற ஒடிசியஸ் பாடுபட்டான், அவர்கள் சூரிய தேவனின் மாடுகளைத் தின்று தம் மூடத்தனத்தால் அழிந்தார்கள் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடுகளைத் தின்றது கடைசியாக மிஞ்சிய ஒரே கப்பலின் ஆட்கள். மற்ற 11 கப்பல்களும் அதற்கு வெகுமுன்பே லெஸ்திரிகோனியர் என்ற அரக்கரின் துறைமுகத்தில் நொறுங்கிவிட்டன. அந்த 11 கப்பல்களும் குடாவுக்குள்ளே போய்க் கட்டின. ஒடிசியஸ் தன் கப்பலை மட்டும் வெளியே ஒரு பாறையில் கட்டினான். ஏன் வெளியே கட்டினான், ஆபத்து தெரிந்தால் மற்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒரு விளக்கமும் இல்லை. அரக்கர் பாறைகளை வீசத் தொடங்கியதும் கயிற்றை வெட்டிக்கொண்டு ஓடினான். உள்ளே இருந்தவர்கள் எந்த மாட்டையும் தின்னவில்லை.

முகவுரையில் சொன்ன தீர்ப்பைக் கதையின் நடுவில் ஹோமரே பொய்யாக்குகிறார். அந்த நடுப்பகுதியைச் சொல்வது யார் என்பதையும் கவனியுங்கள். ஒன்பதாம் பாகத்திலிருந்து பன்னிரண்டாம் பாகம் வரை, அந்நிய அரசன் ஒருவனின் விருந்தில் அமர்ந்து ஒடிசியஸே தன் வாயால் சொல்கிறான். தன் கப்பலை வெளியே கட்டியதையும் அவனே சொல்கிறான். ஆறு தலை அரக்கி ஸ்கில்லாவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்தும், பயத்தில் துடுப்பை விட்டுவிடுவார்கள் என்று ஆட்களிடம் மறைத்ததை அவனே சொல்கிறான். அன்று ஆறு பேர் போனார்கள்.

எல்பெனோர் என்று ஒரு பையன் வருகிறான். வயதில் இளையவன், போரில் பெரிய ஆளுமில்லை, புத்தியும் கொஞ்சம் மட்டு. மந்திரக்காரி சேர்சியின் வீட்டுக் கூரையில் குடிமயக்கத்தில் தூங்கி, எழுந்து ஏணியை மறந்து, விழுந்து கழுத்து முறிந்து செத்தான். அவசரத்தில் அவனைப் புதைக்காமலே கப்பல் கிளம்பிவிட்டது. ஒடிசியஸ் இறந்தோர் உலகத்துக்குப் போகும்போது எதிரே வரும் முதல் ஆவி இவன்தான். துரோய்ப் போரின் பெருவீரன் அகிலிஸ் பிறகுதான் வருகிறான். எல்பெனோர் கேட்பது சிறிய விஷயம்: என்னை எரித்து, கடற்கரையில் ஒரு மேடு போட்டு, நான் வலித்த துடுப்பை அதில் நட்டுவிடு. ஒடிசியஸ் திரும்பிப் போய் அதைச் செய்தான். மூவாயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்த இந்தக் காவியத்தில் வீரம் எங்கே என்று கேட்டால், அரக்கனின் கண்ணைக் குத்தியதை நான் காட்டமாட்டேன். இந்தப் பையனுக்காகத் திரும்பிப் போனதைக் காட்டுவேன்.

கடைசிப் பாகத்தில், 108 பேரும் கொல்லப்பட்ட மறுநாள், ஊர்க் கூட்டத்தில் யூபெய்தஸ் என்ற கிழவன் எழுந்து அழுகிறான். இந்த ஆள் கப்பல் நிறைய நல்ல பிள்ளைகளைக் கொண்டுபோனான், கப்பலையும் தொலைத்தான், பிள்ளைகளையும் தொலைத்தான், திரும்பி வந்து மிஞ்சிய நல்லவர்களையும் கொன்றுவிட்டான் என்பது அவன் குற்றச்சாட்டு. சற்று நேரத்தில் ஒடிசியஸின் தகப்பன் எறிந்த ஈட்டியில் அவன் சாகிறான். அதீனா தெய்வம் வந்து சமாதானம் செய்துவைக்கிறாள். கப்பலோடு தொலைந்த பிள்ளைகளைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. 24 பாகம் பாடிப் புகழ்ந்த நாயகனுக்கு எதிராக ஒரு கிழவனை எழுந்து பேச வைத்தாரே, அதற்காகத்தான் நான் ஹோமரைக் கும்பிடுகிறேன்.

இனி ஏ-9 வீதி.

தம்புள்ளைக் குகைகளைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். அரசிழந்த வலகம்பா அங்கே ஒளிந்திருந்தான், திரும்ப அரசைப் பெற்றதும் குகைகளைக் கோயிலாக்கினான் என்பது வழிவழிச் செய்தி. பழைய வரலாற்று நூலான மகாவம்சம் அவனை வட்டகாமணி அபயன் என்கிறது. கி.மு. 103இல் முடிசூடி ஐந்து மாதத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழு தமிழ்த் தலைவர்களிடம் தோற்றான். அவர்களில் ஐவர் அடுத்தடுத்து அனுராதபுரத்தை ஆண்டார்கள். புலகத்தன் தொடங்கி தாட்டிகன் வரை, 14 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு வலகம்பா தாட்டிகனைக் கொன்று நாட்டை மீட்டான். தமிழரை வென்றவன் கதையைத் தமிழ்க் கூட்டத்தில் ஏன் எடுத்தீர் என்று சிலருக்குத் தோன்றலாம். கதை யாருடையது என்று பார்த்தால் ஹோமரையும் மூடிவைக்க வேண்டியதுதான். சும்மா கேளுங்கள்.

தோற்று ஓடும்போது தேரில் அரசன், கருவுற்ற அரசி அனுலா, இரண்டு பையன்கள், இன்னொரு அரசி சோமதேவி. பாரம் கூடியது. தேர் இலகுவாகட்டும் என்று அரசன் சோமதேவியை அவள் சம்மதத்தோடு இறக்கினான். அரசன் தன் முடிமணியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தேரை ஓட்டிக்கொண்டு போனான். நமது கம்பனில் சூடாமணி மனைவியின் கையிலிருந்து கணவனுக்குப் போகும். இங்கே கணவனின் கையிலிருந்து, அவன் விட்டுச்செல்லும் மனைவிக்குப் போகிறது. நாட்டைப் பிடித்த ஏழு தலைவர்களில் ஒருவன் அவளைக் கடல் கடந்து கொண்டுபோனான். தப்பி ஓடும் அரசனைப் பார்த்து, அவன் நிறத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கேலி செய்தான் கிரி என்ற சமணத் துறவி. அரசன் அதை 14 வருடம் மறக்கவில்லை. வென்று வந்ததும் கிரியின் மடத்தை இடித்து அங்கே எழுப்பியதுதான் அபயகிரி விகாரை.

மலைநாட்டில் அவனை ஒளித்து வைத்துச் சோறு போட்டவன் தனசிவன். ஒருநாள் தனசிவனின் மனைவிக்கும் அரசிக்கும் பெண்கள் சண்டை வந்தது. தனசிவன் வில்லோடு வந்தான், அரசன் முந்திக்கொண்டு அம்பு விட்டான். சோறு போட்டவன் செத்தான். பிறகு எட்டு வீரர்கள் சேர்ந்து படை திரட்டினார்கள். அவர்களில் கபிசீசன் என்பவன் தன் முன்னால் விழுந்து வணங்கவில்லை என்ற கோபத்தில் அரசன் அவனைக் கொன்றான். மற்ற ஏழு பேரும் வெறுத்துப் பிரிந்து போனார்கள். வழியில் கள்வரிடம் பறிகொடுத்து ஒரு விகாரையில் ஒதுங்கியபோது, பிக்குகள் தலையிட்டு அரசனோடு சேர்த்துவைத்தார்கள். அந்தப் பிக்குகள் இல்லாவிட்டால் வலகம்பாவின் பெயர் ஐந்து மாத அரசன் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அரசேறிய பிறகு சோமதேவியைத் திரும்ப வரவழைத்தான், அவள் பெயரில் ஒரு விகாரையும் கட்டினான். விட்டுச்சென்றதற்கு ஈடாகுமா அது? மகாவம்சம் தீர்ப்புச் சொல்லவில்லை, நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறது.

மகாவம்சத்தை எழுதிய பிக்கு தன் மதத்துக்கும் தன் அரசர்களுக்கும் பக்கம் சாய்ந்தவர். அதை நான் மறைக்கவில்லை. அப்படிச் சாய்ந்தவரே தன் நாயகன் ஓடியதையும், மனைவியை இறக்கியதையும், உப்பிட்டவனைக் கொன்றதையும், விசுவாசியைக் கொன்றதையும் எழுதியிருக்கிறார். வேண்டாமென்றால் நான்கு செய்யுளை விட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. வாய்மொழியாக இருந்த பௌத்த வேதம் முழுவதும் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டதும் இதே வலகம்பாவின் காலத்தில்தான். எழுதிய இடம் என்று மரபு காட்டுவது நமது அலுவிகாரையை. ஹோமரும் நெடுங்காலம் பாடகர்களின் நாவில் இருந்து பிறகு எழுத்துக்கு வந்தவர். எழுத்துக்கு வரும்போது குறைகளைச் சலித்து எறியாததுதான் இந்த இரண்டு மரபுகளின் பெருமை.

மூன்றாவது கதைக்கு எழுத்து இன்னும் முழுதாக வரவில்லை. அது நம்முடையது.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1840களில் மலைநாடெங்கும் கோப்பி. திருச்சி, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் கரைக்கு நடந்து, தோணியில் மன்னார்க் கரை இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கடல் போக, இந்தப் பக்கம் மட்டும் 200 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பாலும் ஆண்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, காட்டு மிருகம். 1841க்கும் 1848க்கும் இடையில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் எழுதியது. டொனோவன் மோல்ட்ரிச் கோப்பிக் காலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் காலத்தை விரிவாகப் பார்க்கலாம். கோப்பிக் காலத்து ஆட்களில் பலர் அறுவடை முடிய அதே வழியில் ஊர் திரும்பினார்கள். ஆக அவர்களுக்கு வருடந்தோறும் ஒரு ஒடிசி. தேயிலை வந்த பிறகுதான் திரும்பும் வழி மெல்ல அடைந்தது. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது. நூற்றாண்டு முடியும்போது வடக்குப் பாதை ஆட்களுக்கு மூடப்பட்டது.

பாதை முடியும் இடத்தில்தான் நமது முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் அம்மனுக்கு நன்றி சொல்லிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்து சேராதவர்களுக்கு எந்த இடம்? பாதையோரத்தில் எத்தனை எல்பெனோர்கள்! யாரும் மேடு போடவில்லை. 2023இல், நம்மவர் இங்கு வந்து 200 வருடமானதைக் குறித்த மலையகம் 200 நினைவாக, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தக் கடனில் ஒரு பகுதியைக் கட்டியது. நடந்தவர்களுக்கு என் வணக்கம்.

ஆனாலும் அந்த ஆண்டிலும் பிறகும் மேடைகளில் கேட்ட கதைகளில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. எல்லாக் கதையிலும் வெள்ளைத் தோட்டத் துரை கொடியவன், நாம் கண்ணீர்விடும் அப்பாவிகள். துரை கொடியவன்தான், 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லாமல் வேலையை விட்டுப்போனவனைச் சிறையில் போட முடிந்தது. அந்தக் கதையில் கங்காணி எங்கே?

கங்காணி நமது ஆள். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவன், முன்னால் நடந்தவன், தோணிக்காரனோடு பேசியவன், காட்டில் வழி தெரிந்தவன், தோட்டத்தில் துரையின் மொழியைக் கொஞ்சம் புரிந்துகொண்டவன். கலியாணம் பேசியவன், கோயில் கட்டியவன், செத்தவனின் பிள்ளையை வளர்த்தவனும் உண்டு. அவன் இல்லாமல் இந்தச் சமூகம் மலைக்கு வந்திருக்காது, வந்தாலும் பிழைத்திருக்காது. இது ஒரு பக்கம். மறுபக்கம், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரில் கதை அளந்ததும் அவன்தான். பாதையில் வாந்திபேதி கண்டவனை விட்டுவிட்டுக் கூட்டத்தை நகர்த்தியவனும் அவன்தான். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கியவன். ஆட்களின் கடனைத் துண்டில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கடனோடு மாற்றியவன். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. சாதியும் உண்டு. பெரிய கங்காணிகளில் பலர் ஊரிலும் மேலே இருந்தவர்கள், பின்னால் நடந்தவர்களில் பெரும்பாலோர் ஊரிலும் ஒடுக்கப்பட்டவர்கள். லயத்தில் யாருக்கு எந்தக் காம்பரா என்பதிலும் அது தெரியும்.

காட்டில் ஒருவன் விழுந்துவிட்டான் என்று வையுங்கள். நின்றால் மற்ற முப்பது பேருக்கும் நோய் பிடிக்கலாம், அரிசி தீரலாம். போனால் அவன் சாவான். ஸ்கில்லாவின் முன் ஒடிசியஸ் நின்றதும் அதே இடத்தில்தான். போ என்று சொன்ன கங்காணியை நான் கொலைகாரன் என்று சொல்லமாட்டேன். வீரன் என்றும் சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் அவன் மௌனத்தின் மேல். அடுத்த வருடம் அதே ஊருக்குப் போய், அதே தெருவில் முன்பணப் பையைத் திறந்தபோது, போன வருடம் விழுந்தவனின் தாய்க்கு என்ன சொன்னான்? ஒடிசியஸ் விருந்தில் தன் வாயால் எல்லாம் சொன்னான். நமது ஒடிசியஸ் சொல்லவில்லை.

சொன்னவர்கள் யார்? 1869இல் ஆபிரகாம் யோசேப்பு எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி அச்சேறியது. மலையகத்தின் ஆரம்பகால அச்சு நூல்களில் முக்கியமானது. எழுதியவர் தோட்டத்துக் கண்டக்டர், துரைமாரின் பக்கத்திலிருந்து கோப்பி வளர்க்கும் விதத்தைப் பாடினார். கங்காணியையும் துரையையும் சேர்த்துக் கேள்வி கேட்க, தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் வரவேண்டியிருந்தது. 1930களில் நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது துரைமாரைப்போலவே கங்காணிமாரும் அவரை எதிர்த்தார்கள். நமக்குக் கிடைத்த யூபெய்தஸ் அவர் ஒருவர்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. நூல்களை விட்டுப் பார்த்தால், பெண்கள் லயத்தில் பாடிய பாட்டுகளில் கங்காணிக்குக் கிடைத்த வசை கொஞ்சநஞ்சமல்ல. அதையும் நாம் மேடையில் பாடும்போது பாதியை விட்டுவிடுகிறோம்.

குறையுள்ள வீரனைக் கண்டு நமது மக்கள் ஒருபோதும் பயந்ததில்லை. தோட்டங்களில் பொன்னர் சங்கர் ஆடுகிறார்கள், அருச்சுனன் தபசு ஆடுகிறார்கள். சூதாடி மனைவியைத் தோற்ற தருமனை நாம் தருமன் என்றே அழைக்கிறோம். மகாபாரதத்தின் கடைசி நடையில் பாஞ்சாலியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக வழியில் விழுகிறார்கள். ஒவ்வொருவர் விழும்போதும் இன்ன குறையால் விழுந்தார் என்று தருமன் சொல்லிக்கொண்டே நடக்கிறான். விடிய விடியக் கூத்துப் பார்த்த சனத்துக்குப் பாட்டன் ஒருவன் கெட்டதும் செய்தான் என்று சொன்னால் தாங்காதா? தாங்கும். தாங்காதவர்கள் மேடையில் இருக்கும் நாம்தான்.

  

பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் போனைத் திறந்து பதிவு செய்யுங்கள். பட்ட கஷ்டத்தை மட்டும் கேட்காதீர்கள். யார் யாரை ஏமாற்றினார்கள், எந்தக் கங்காணி யார் காசைத் தின்றான், யாரை எந்தச் சாதி என்று எந்த வரிசையில் ஒதுக்கினார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் பாட்டனே அந்தக் கங்காணியாக இருந்தாலும் கேளுங்கள். பழைய பெட்டியில் துண்டோ, தகரச் சீட்டோ, கங்காணியின் கணக்குக் கொப்பியோ கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள். எழுதப்போகிறவனுக்கு அது வேண்டும்.